புதுப்பிப்பு: இரவுக் கடமைக்கு ஆள் கிடைத்தது

போன மாதம் எழுதியிருந்தேன்: மட்டக்களப்பில் குடியிலிருந்து மீள்பவர்கள் தங்கியிருக்கும் எங்கள் இல்லத்தில் தொண்டர் குழுவுக்கு நான்தான் பொறுப்பு, இரவில் நிற்க ஆளில்லை, என்ன செய்யலாம் என்று. "அங்கே தங்கி மீண்டவர்களையே கேளுங்கள்" என்று பலர் சொன்னீர்கள். கேட்டேன். இரண்டு பேர் வந்தார்கள்.

அதில் ஒரு அண்ணன் கல்லடியிலிருந்து சைக்கிளில் வருவார், பிளாஸ்கில் இஞ்சிப் பிளேன்டீயோடு. முந்தாநாள் இரவு 2 மணிக்கு ஒரு தம்பி பையைக் கட்டிக்கொண்டு கேற்றடிக்குப் போய்விட்டான். அண்ணன் தடுக்கவில்லை. தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்து, "நானும் இதே கேற்றடியில் நின்டவன்தான்டா" என்றார். விடியும்வரை இருவரும் படியில் இருந்தார்கள். எனக்கு அது வராது, நான் புத்திமதி சொல்லத் தொடங்கியிருப்பேன்.

ஒன்றை மட்டும் அவர்களிடம் விடவில்லை. நாள்பட்டுக் கசிப்பு (கள்ளச்சாராயம்) குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 2, 3 நாளில் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். ஆகவே வைத்தியர் பார்த்த பிறகுதான் சேர்க்கிறோம். நடுக்கமோ குழப்பமோ கண்டால் உடனே ஆஸ்பத்திரி.

சனிக்கிழமை இரவுக்கு இன்னும் ஆளில்லை. இப்போதைக்கு நான் நிற்கிறேன்.