புதுப்பிப்பு: ஷிபாஷியும் முழங்கால் வலியும்

1979இல் சீனாவில் லின் ஹோஷெங் வகுத்த 18 அசைவுகள் கொண்ட ஷிபாஷி சிகுங் என்னும், மூச்சோடு இணைந்த மெதுவான உடற்பயிற்சியைப் பயிலத் தொடங்கியதிலிருந்து முழங்கால் வலிக்கிறது என்று இரண்டு மாதங்களுக்கு முன் இங்கே எழுதியிருந்தேன். வலி இப்போது இல்லை. ‘ஏரி நடுவே படகு வலித்தல்’ என்னும் அசைவில், கைகள் பின்னால் வட்டமிட்டு மேலெழுந்து முன்னே இறங்கும்போது, என் முழங்கால்கள் உள்நோக்கிச் சரிந்திருக்கின்றன. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் காலைதோறும் பயிலும் சீனப் பாட்டி ஒருவர் அதைக் கவனித்து, தம் உள்ளங்கையை என் முழங்காலின் உட்பக்கத்தில் வைத்து, அது கால்விரல்களின் திசையை நோக்கும்வரை மெல்ல வெளியே நகர்த்தினார். கை உயரும்போது மூச்சை இழுத்து, தாழும்போது விட வேண்டும்; எண்ணுவதை விட்டு மூச்சின் போக்கில் சென்ற பிறகே அசைவுகள் ஒன்றோடொன்று இழையத் தொடங்கின. முழங்காலை மடக்கி எவ்வளவு தாழ வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: வலிக்காத அளவுக்கே தாழுங்கள்.