புது இயங்குதளம், பழைய மென்பொருள்: இழுத்துக்கொண்டு போவதா, விட்டுத் தொலைப்பதா?

சொல்லடுக்கி:
மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. 2003-லிருந்து கலைச்சொற்களை ஒரு பழைய அட்டை மென்பொருளில் சேர்த்து வருகிறேன். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை. மூலச்சொல், தமிழ், எங்கே பார்த்தேன், ஏன் இதைத் தேர்ந்தேன் என்று நான்கு கட்டங்கள். பதினோராயிரம் அட்டைகளுக்கு மேல் இருக்கும். செய்து விற்றவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள். விண்டோஸ் எக்ஸ்பியில் தொடங்கியது, 2010-ல் விண்டோஸ் 7, அப்புறம் அதே கணினியில் 10 என்று கூடவே வந்தது. 2025 அக்டோபர் 14-உடன் 10-க்கு ஆதரவு முடிந்ததால் புதுக் கணினி வாங்கி 11-க்கு வந்தேன். இப்போது நிறுவல் கோப்பைச் சொடுக்கினால், இந்தச் செயலி உங்கள் பிசியில் இயங்காது என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. ஏதாவது வழி உண்டா?

நாளைக்காரன்:
வழி இருக்கும். ஆனால் தேடாதீர்கள் என்பேன். செய்தவனே கைவிட்ட மென்பொருளை நீங்கள் ஏன் தோளில் சுமக்க வேண்டும்? தரவை வெளியே எடுத்து ஒரு விரிதாளில் போடுங்கள், வேலை முடிந்தது. இன்றைக்கு ஓட வைத்துவிட்டால் அடுத்த பதிப்பில் மறுபடி இங்கேதான் வந்து நிற்பீர்கள்.

பழையபதிப்பு:
ஆரம்பித்துவிட்டார். ஓடிக்கொண்டிருந்த பொருளை நிறுத்தியது அவரா? இயங்குதளம் மாறியதால் நின்றது. காசு கொடுத்து வாங்கிய மென்பொருள், அதில் ஒரு கோளாறும் இல்லை. சகோ, பழைய கணினியைத் தூக்கிப் போடாதீர்கள். இணைய இணைப்பைப் பிடுங்கிவிட்டு மேசையின் ஓரத்தில் வையுங்கள், அது பாட்டுக்கு ஓடும். என்னிடம் ஒரு எக்ஸ்பி இயந்திரம் அப்படித்தான் ஓடுகிறது. பழைய வெட்டும் கருவி ஒன்றை ஓட்டும் மென்பொருள் அதில் இருக்கிறது. பின்பக்கம் பிரிண்டர் போர்ட்டில் டாங்கிள் (மென்பொருளுக்குச் சாவி மாதிரியான சிறு கருவி) சொருகினால்தான் திறக்கும். புது மதர்போர்டுகளில் அந்த போர்ட்டே கிடையாது. கார்டு வாங்கிச் சொருகினாலும் பழைய 32-பிட் தலைமுறை டிரைவரை (கருவியோடு பேசும் நிரல்) புதிய 64-பிட் தலைமுறை விண்டோஸ் ஏற்றாது. இதற்கு விரிதாள் என்ன செய்யும்?

கறுப்புத்திரை:
சண்டைக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் பல மென்பொருள்கள் 32-பிட்டாக இருந்தாலும் அவற்றை நிறுவும் சிறு நிரல் அதற்கும் முந்தைய 16-பிட்டாகவே இருக்கும். 32-பிட் விண்டோஸில் 16-பிட்டை ஓட்ட ஒரு துணை அமைப்பு உண்டு. 64-பிட்டில் அது கிடையாது, விண்டோஸ் 11-லோ 32-பிட் பதிப்பே கிடையாது. உங்கள் 7-உம் 10-உம் 32-பிட்டாக இருந்திருக்கும், அதனால் இவ்வளவு நாள் தெரியவில்லை. பிரபலமான சில பழைய நிறுவிகளை 64-பிட் விண்டோஸ் அடையாளம் கண்டு, தன்னிடமுள்ள 32-பிட் மாற்றை ஓட்டும். உங்களுடையது அந்தப் பட்டியலில் இல்லை போலிருக்கிறது.

நின்றது நிறுவிதான், மென்பொருள் அல்ல. பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து அந்தக் கோப்புறையை அப்படியே நகலெடுத்து ஓட்டிப் பாருங்கள். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் பதிவேடு) பெரிதாக எதையும் எழுதாத மென்பொருள் என்றால் திறந்துவிடும். மென்பொருள்கள் வழக்கமாக நிறுவப்படும் ப்ரோகிராம் ஃபைல்ஸ் கோப்புறைக்குள் மட்டும் போடாதீர்கள், தனியாக ஒரு கோப்புறையில் வையுங்கள்.

சொல்லடுக்கி:
திறந்தது! அதே சாம்பல் நிறச் சன்னல், அதே கோணல் பொத்தான்கள். ஆனால் கை நடுங்குகிறது. கடைசி அட்டை 2010 ஆகஸ்டில் போட்டது. அதற்குப் பிறகு போட்ட ஒன்றுகூட இல்லை. மாதாமாதம் இந்தக் கோப்புறையைப் பென்டிரைவில் நகலெடுத்து வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லாவற்றிலும் 2010 ஆகஸ்ட். பதினைந்து வருட நகல்களும் அதே பழைய கோப்புதான். நேற்றுவரை பழைய கணினியில் புது அட்டைகளைக் கண்ணால் பார்த்தேனே, அவை எங்கே போயின?

நாளைக்காரன்:
இதற்குத்தான் சொன்னேன். தரவை எங்கே வைக்கிறது என்றே தெரியாத ஒரு மென்பொருளில் பதினைந்து வருட உழைப்பு.

பழையபதிப்பு:
ஐயா, அவர் பதறிப் போயிருக்கிறார். பாடம் அப்புறம் எடுக்கலாம்.

கறுப்புத்திரை:
எதையும் அழிக்காதீர்கள், பழைய டிஸ்கில் எதையும் எழுதவும் வேண்டாம். 2010 ஆகஸ்டில்தானே விண்டோஸ் 7-க்கு மாறினீர்கள்? அப்படியென்றால் அட்டைகள் எங்கே என்று எனக்குத் தெரியும்.

எக்ஸ்பி காலத்து மென்பொருள்கள் தங்கள் தரவை ப்ரோகிராம் ஃபைல்ஸுக்குள்ளேயே எழுதும். எல்லாரும் நிர்வாகி உரிமையோடு உலவிய காலம், யாரும் தடுக்கவில்லை. எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அந்த இடத்தில் சாதாரணப் பயனர் எழுத முடியாது. வெறுமனே தடுத்தால் பழைய மென்பொருள்கள் வரிசையாக விழும். அதனால் ஒரு தந்திரம் செய்தார்கள். மென்பொருள் எழுத வந்தால், சரி எழுது என்று சொல்லிவிட்டு, கோப்பின் பிரதி ஒன்றை உங்கள் பயனர் கோப்புறைக்குள் ஒளித்து, அதில் எழுத வைக்கிறது. அடுத்த முறை படிக்க வந்தாலும் அந்தப் பிரதியையே காட்டும். மென்பொருளுக்கு விஷயமே தெரியாது. அசல் கோப்பு, மாறிய நாளில் இருந்தபடியே உறைந்து கிடக்கும். நீங்கள் மாதாமாதம் நகலெடுத்தது அந்த உறைந்த கோப்பை.

பழைய டிஸ்கில் யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், விர்ச்சுவல்ஸ்டோர், ப்ரோகிராம் ஃபைல்ஸ் என்ற வரிசையில் உள்ளே போங்கள். ஆப்டேட்டா மறைந்திருக்கும், மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே அதே பெயரில் ஒரு கோப்புறை இருக்கும்.

சொல்லடுக்கி:
இருக்கிறது. கோப்பின் தேதி போன செவ்வாய்க்கிழமை. திறந்தேன், எல்லாம் இருக்கிறது. என்ன சொல்வதென்றே தெரியவில்லை. கொஞ்ச நேரம் எழுந்து நடந்துவிட்டு வருகிறேன்.

மூன்றாம்நகல்:
நடந்துவிட்டு வந்ததும் முதல் வேலை, அந்தக் கோப்பை மூன்று இடங்களில் வையுங்கள். நகலெடுப்பதோடு நிறுத்தாமல் எப்போதாவது திறந்தும் பாருங்கள். 2011-லேயே ஒரு நகலைத் திறந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். குத்திக்காட்டவில்லை. நானும் திறந்து பார்க்காமல் மாட்டிக்கொண்டவன்தான்.

பழையபதிப்பு:
இப்போது சொல்லுங்கள், இது யார் தப்பு? ஒரு கோப்பை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, உரிமையாளருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தது இயங்குதளம். இதற்குப் பெயர் பொருத்தப்பாடா?

கறுப்புத்திரை:
ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்பது சரியல்ல. விண்டோஸ் 7-ல் அந்தக் கோப்புறையைத் திறந்தால் மேல்பட்டையில் கம்பாட்டிபிலிட்டி ஃபைல்ஸ் என்று ஒரு பொத்தான் வரும். அதைச் சொடுக்கினால் நேராக ஒளித்த இடத்துக்குப் போகலாம். யாரும் சொடுக்கவில்லை என்பது வேறு கதை.

வேறு என்ன செய்திருக்க முடியும் என்றும் யோசியுங்கள். விண்டோஸ் 95 காலத்தில் சிம்சிட்டி விளையாட்டுக்காகவே தனி நிரல்வரிகள் சேர்த்தார்கள். தான் திருப்பிக் கொடுத்த நினைவகத்தை அந்த விளையாட்டு மறுபடி படிக்கும். தப்பு விளையாட்டுடையது. ஆனால் ஓடவில்லை என்றால் ஜனம் புது விண்டோஸைத்தான் திட்டும். அதனால் சிம்சிட்டி ஓடுகிறதா என்று பார்த்து, அதற்கு மட்டும் நினைவகத்தை உடனே விடுவிக்காமல் வைத்திருந்தார்கள். அடுத்தவர் பிழையைச் சுமப்பதில் இதைவிட யார் என்ன செய்துவிட முடியும்?

நாளைக்காரன்:
அந்தச் சுமை நம் தலையில்தான் விடிகிறது. ஆப்பிளைப் பாருங்கள். மேக் கணினிகள் பவர்பிசி சில்லிலிருந்து இன்டெல்லுக்கு மாறியபோது, பழைய மென்பொருள்களை ஓட்ட 2006-ல் ரொசெட்டா என்ற இடைநிரலைக் கொடுத்தார்கள், 2011-ல் லயன் என்ற இயங்குதளப் பதிப்பு வந்தபோது எடுத்துவிட்டார்கள். 2019 அக்டோபரில் கேட்டலினா என்ற பதிப்பு, 32-பிட்டுக்கு முற்றுப்புள்ளி. இன்டெல் மென்பொருள்களுக்கான ரொசெட்டா 2-உம் மேக்ஓஎஸ் 27 வரைதான் முழுமையாக இருக்கும் என்று 2025-லேயே சொல்லிவிட்டார்கள். வலிக்கும். ஆனால் எப்போது வலிக்கும் என்று முன்கூட்டியே தெரியும். ஓர் இடத்தில் இருக்கிற மாதிரி காட்டிவிட்டு வேறு இடத்தில் ஒளிந்திருக்கும் கோப்பு அங்கே கிடையாது.

பழையபதிப்பு:
முன்கூட்டியே சொல்லிவிட்டு வீட்டை இடித்தால் பரவாயில்லையா? கேட்டலினாவுக்குப் போனவர்களில் பாதிப் பேர் பழைய மென்பொருளுக்காக அதற்கு முந்தைய பதிப்பான மொஹாவேயிலேயே உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். (பாதி என்பது என் நண்பர்கள் வட்டத்தில். ஆறில் மூன்று பேர்.)

நாளைக்காரன்:
மொஹாவேயில் உட்கார்ந்திருந்தால் அவர்கள் கேட்டலினாவுக்கே போகவில்லை என்றுதானே அர்த்தம், அண்ணே? சரி, விடுங்கள். உங்கள் எக்ஸ்பி பெட்டிக்கு வருவோம். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னக்ரை என்ற கணினிப் புழு வந்தபோது என்ன நடந்தது? ஆதரவு முடிந்து மூன்று வருடமான எக்ஸ்பிக்கு அவசரமாக பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) வெளியிட வேண்டிய நிலை.

பழையபதிப்பு:
அந்தக் கதையின் மீதியையும் சொல்லுங்கள். அடிபட்டவற்றில் மிகப் பெரும்பாலானவை எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7. அதற்கு அப்போது ஆதரவு இருந்தது, இரண்டு மாதம் முன்னால் மார்ச்சிலேயே பேட்ச் வந்திருந்தது. போடாமல் விட்டவர்கள் மாட்டினார்கள். என் பெட்டிக்குக் கேபிளே கிடையாது, புழு என்ன பறந்தா வரும்?

நாளைக்காரன்:
பென்டிரைவில் வரும். வெட்ட வேண்டிய படத்தை எதில் கொண்டுபோகிறீர்கள்?

பழையபதிப்பு:
... சரி, அது ஒரு ஓட்டைதான். அதற்கென்று தனியாக ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். இனி ஒவ்வொரு முறையும் அழித்துவிட்டுக் கொண்டுபோகிறேன். ஆனால் பெட்டியை விடமாட்டேன்.

மூன்றாம்நகல்:
பெட்டி என்றைக்காவது சாகும். மதர்போர்டில் மின்தேக்கி வீங்கினால் மென்பொருளும் அதோடு போயிற்று. டாங்கிள் கதை வேறு, ஒப்புக்கொள்கிறேன். சொல்லடுக்கி மாதிரி ஆட்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. பழைய டிஸ்க்கை அப்படியே டிஸ்க்2விஹெச்டி என்ற இலவசக் கருவியால் ஒரே கோப்பாக்கி, விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருளில் மெய்நிகர் கணினியாக, அதாவது கணினிக்குள் ஒரு கணினியாக, ஓட்டலாம். நெட்வொர்க்கை அணைத்துவிடுங்கள். ஓடும் நிலையில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தால் கெட்டாலும் பழையபடி திரும்பலாம். வன்பொருள் மாறிவிட்டது என்று பழைய விண்டோஸ் உரிமத்தைக் கேட்டு முரண்டு பிடிக்கலாம். அதைவிடப் பெரிய தொல்லை, இணையத்தில் அனுமதி வாங்கித் திறக்கும் மென்பொருள்கள். அனுமதி கொடுக்கும் சர்வரை மூடிவிட்டால், புதிதாக எங்கேயும் நிறுவ முடியாது. அந்த விஷயத்தில் 2003-ன் குறுந்தகடு எவ்வளவோ மேல்.

சொல்லடுக்கி:
எல்லாருக்கும் நன்றி. மென்பொருள் 11-லேயே ஓடுவதால் மெய்நிகர் கணினி இப்போதைக்கு வேண்டாம், ஆனால் டிஸ்க்கை ஒரே கோப்பாக்கி வைத்துவிட்டேன். நாளைக்காரன் சொன்னபடி தரவை வெளியே எடுக்கவும் பார்த்தேன். ஏற்றுமதி என்ற ஒன்றே இதில் கிடையாது, அச்சிடத்தான் முடியும். போதாக்குறைக்கு, தமிழ்க் கட்டங்கள் யூனிகோடுக்கு (எல்லா மொழி எழுத்துகளுக்குமான இன்றைய பொதுக் குறிமுறை) முந்தைய எழுத்துருவில் அடித்தவை. எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குப்பை மாதிரி தெரியும்.

கறுப்புத்திரை:
அச்சிட முடிகிறதல்லவா, போதும். விண்டோஸில் ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி என்று ஒரு பிரிண்டர் டிரைவர் இருக்கிறது. அதைச் சேர்த்து, போர்ட்டாக ஃபைல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். காகிதத்துக்குப் பதில் வெறும் உரைக்கோப்பு வரும். ஆங்கிலக் குப்பையாக வந்தால் கவலை வேண்டாம், உங்கள் எழுத்துருவுக்கான மாற்றியில் போட்டால் யூனிகோடாகிவிடும். முதலில் நூறு அட்டைகளில் சோதித்துப் பாருங்கள்.

சொல்லடுக்கி:
நூறு அட்டை போட்டேன். அட்டைக்கு ஒரு பக்கம் என்பதால் பக்க முறிவை வைத்துப் பிரித்துவிடலாம். முதல் மூன்று கட்டங்கள் ஒழுங்காக வருகின்றன. நான்காவது, ஏன் தேர்ந்தேன் என்ற நீளமான கட்டம், எண்பதாவது எழுத்தில் முறிந்து, சொல் பாதியில் அடுத்த வரிக்குப் போகிறது.

நாளைக்காரன்:
அந்தக் கட்டத்தை விட்டுவிட முடியாதா? முக்கியம் மற்ற மூன்றும்தானே.

சொல்லடுக்கி:
மற்ற மூன்றும் அகராதியிலேயே கிடைக்கும். நான் இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்து எழுதியது அந்த நான்காவதை.

பழையபதிப்பு:
இதைத்தான் முதலிலிருந்து சொல்கிறேன்.

கறுப்புத்திரை:
பிரிண்டரின் பண்புகளில் காகித அகலத்தைக் கூட்டிவிடுங்கள். எங்கேயும் அச்சாகப் போவதில்லை, ஒரு மீட்டர் அகலக் காகிதம் என்றாலும் அது கேட்காது.

சொல்லடுக்கி:
கூட்டினேன். வரி முறியவில்லை. ஆனால் 'லூ' வரும் இடமெல்லாம் கேள்விக்குறியாக இருக்கிறது. 'லூ' எத்தனை சொல்லில் வரும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். அதுவரை பழைய மென்பொருள் சன்னலும் பக்கத்தில் திறந்தே இருக்கட்டும்.