அம்மைக் காய்ச்சலில் காது போன பையனுக்கு காக்ளியர் இம்பிளான்ட் வைக்கலாமா?

பல்லடத்தான்:
அக்கா பையனுக்கு 9 வயது. தட்டம்மை வந்து மூளைக்காய்ச்சலாக முற்றி, ஐசியூவில் கிடந்து பிழைத்து வந்தான், ஆனால் இரண்டு காதும் சுத்தமாகப் போய்விட்டது. சத்தத்துக்குக் காது நரம்பு பதில் தருகிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட் எடுத்தாயிற்று, காது மெஷின் மாட்டியும் பலனில்லை. டாக்டர், ஆபரேஷன் செய்து காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் கருவி வைக்கலாம் என்கிறார். மாமாவோ, காய்ச்சலில் போனது தானாக வரும், ஒரு வருஷம் பொறுப்போம் என்கிறார். செலவு வேறு லட்சக்கணக்கில். வீடு தறிப்பட்டறையை ஒட்டி இருக்கிறது, அந்தச் சத்தத்தில் இதை வைத்து என்ன கேட்டுவிடும்?

ஈரோட்டு ஆடியாலஜிஸ்ட்:
ஒரு வருஷமெல்லாம் பொறுக்காதீர்கள். காய்ச்சலில் உட்காதில் நத்தை மாதிரி சுருண்ட பகுதிக்குள் இருக்கும், சத்தத்தை உணரும் நுண்மயிர்ச் செல்கள் செத்துவிட்டால் திரும்ப முளைக்காது. இம்பிளான்ட் அதைத் தாண்டி நேராக நரம்புக்கு மின்தூண்டல் கொடுக்கிறது, அதனால் நரம்பு நன்றாக இருக்க வேண்டும், எம்ஆர்ஐ எடுப்பது அதற்குத்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் மூளையுறை அழற்சி, அதாவது மெனிஞ்சைட்டிஸ் என்று இருக்கிறதா பாருங்கள். அது பாக்டீரியாவால் வந்திருந்தால் உள்ளே எலும்பு வளர்ந்து அடைத்துக்கொள்ளலாம், அப்புறம் இம்பிளான்டின் மின்கம்பியான எலக்ட்ரோடு நுழைவதே கஷ்டம். பேச்சு வந்த பிறகு கேட்காமல் போன பையன் என்பது நல்ல விஷயம், ஆனால் விட்டால் உச்சரிப்பு குழறும். இப்போதே தினமும் சத்தமாக வாசிக்க வையுங்கள். ஆபரேஷனுக்கு முன் நிமோகாக்கல் தடுப்பூசி அவசியம்.
முதலமைச்சர் காப்பீட்டில் 6 வயதுக்குள்தான். ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் அடிப் (ADIP) திட்டத்தில், பிறவியில் இல்லாமல் பிறகு கேட்காமல் போன பிள்ளைகளுக்கு 18 வயது வரை இடமுண்டு, விசாரியுங்கள்.

கோபி அம்மணி:
தம்பி, எனக்கும் காய்ச்சலில்தான் போனது, ஒரு காதில் வைத்திருக்கிறேன். சுவிட்ச் ஆன் செய்த அன்று யார் பேசினாலும் கீச்சுகீச்சென்று ஒரே மாதிரி கேட்டது, வீட்டுக்காரர் குரலா மகன் குரலா என்றே பிரிக்க முடியவில்லை. மேப்பிங், அதாவது மெஷினை நமக்கு ஏற்றபடி சரிசெய்வதற்கு, போகப் போகத் தெளிந்தது. ஆனால் பாட்டு இன்னும் பாட்டாகக் கேட்பதில்லை, இதை யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். தறிச் சத்தத்தில் சிரமம்தான், பையனைத் தள்ளி உட்கார வைத்து முகம் பார்த்துப் பேசுங்கள். கொடிவேரியில் குளிக்கும்போது வெளி மெஷினைக் கழற்றிவிடுவேன், அப்போது ஒன்றும் கேட்காது.

நொய்யல்கரை:
கையெழுத்துப் போடும் முன் வாரன்டி முடிந்தபின் காயில் (தலையில் ஒட்டும் வெளி வட்டு), வயர், பேட்டரி என்ன விலை என்று எழுதி வாங்குங்க. செலவு அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பயிற்சி வாரம் எத்தனை நாள், யார் கூட்டிப்போவது என்றும் முடிவு செய்யுங்க. தறியை விட்டு ஒருத்தர் வர வேண்டியிருக்கும்.

பல்லடத்தான்:
நன்றிங்க. சம்மரியில் வைரல் என்றுதான் போட்டிருக்கிறது. இருந்தாலும் எம்ஆர்ஐக்குத் தேதி வாங்கிவிட்டோம், மாமாவிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன், பையன் கூடவே தலையாட்டினான், என்ன புரிந்ததோ! அடிப் விண்ணப்பத்துக்கு வருமானச் சான்று தாலுகா ஆபீஸில் வாங்கினால் போதுமா?