புதுப்பிப்பு: செம்பின் டி பட்டைகள் ஏன் மேலே நின்றன?

போன வாரம் கேட்டிருந்தேன்: என் கணினிக் கணக்கில் செம்பின் 3டி பட்டைகள் (3டி எலக்ட்ரான்கள் இருக்கும் ஆற்றல் அடுக்குகள்), எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றலான ஃபெர்மி மட்டத்துக்குச் சுமார் 1.5 எலக்ட்ரான் வோல்ட் (ஆற்றல் அலகு) கீழே தொடங்குகின்றன. ஒளியால் எலக்ட்ரான்களை வெளியேற்றி அளக்கும் ஒளிமின் உமிழ்வு அளவீட்டிலோ சுமார் 2. பிழை எங்கே?

எலக்ட்ரான் உந்தங்களை மாதிரி எடுக்கும் கே-புள்ளி வலையை 12-இலிருந்து 24 ஆக்கி நெருக்கினேன். பட்டைக் கோடுகள் மயிரிழைகூட நகரவில்லை. அப்புறம்தான் புரிந்தது: பிழை என் உள்ளீட்டில் இல்லை, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பாதிப்பதைக் கணக்கிட நான் பயன்படுத்திய பிபிஇ (PBE) தோராயத்திலேயே இருக்கிறது. அணுவை ஒட்டியே இருக்கும் டி எலக்ட்ரான் தன்னைத்தானே தள்ளுவதாக வரும் பங்கை அது முழுசாக நீக்குவதில்லை. பட்டை மேலே ஏறிவிடுகிறது. எஸ், பி எலக்ட்ரான்களின் பரந்து கிடக்கும் எஸ்-பி பட்டையோ அளவீட்டோடு நன்றாகவே பொருந்துகிறது.

இந்த அரை எலக்ட்ரான் வோல்ட் சின்ன விஷயமில்லை. செம்பு செந்நிறமாக இருப்பதே அந்த 2 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியால்தான். 2002-இல் மரீனி என்ற ஆய்வாளரின் குழு ஜிடபிள்யூ (GW) என்ற இன்னும் நுணுக்கமான கணக்கு முறையில், உள்ளடுக்கு 3எஸ், 3பி எலக்ட்ரான்களையும் சேர்த்து இதைச் சரிசெய்தது. அடுத்து அதைத்தான் ஓட்டப்போகிறேன்.