குவார்ட்டர் மிட்ஜெட்: வளைவின் நடுவில் திரும்ப மறுக்கிறது, வெளியேறும்போது பின்பக்கம் வழுக்குகிறது

இடதுவளைவு:
என் மகள் ஓட்டும் குவார்ட்டர் மிட்ஜெட், அதாவது சிறுவர்களுக்கான சிறிய பந்தய வண்டி, தொடர்பான ஐயம் இது. வளைவுகள் எல்லாம் இடப்பக்கமே. தார்த் தடம், சுற்று நீளம் மைலில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 80 மீட்டர். வளைவின் நடுவில் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி வெளிப்புறமாகவே ஒதுங்குகிறது. ஆனால் ஆக்சிலேட்டரை மிதித்து வெளியேறும் இடத்தில் பின்பக்கம் சட்டென்று வழுக்கிவிடுகிறது. அவளை இருக்கையில் அமர்த்தி, நான்கு தராசுகளில் நிறுத்தி எடுத்த எடை பவுண்டில்: இடது முன் 62, வலது முன் 52, இடது பின் 88, வலது பின் 62. வழுக்கலை நிறுத்தக் கிராஸ் வெயிட்டைக் கூட்டும்படி பிட்டில் (வண்டிகளைச் சரிசெய்யும் இடத்தில்) ஒருவர் சொல்கிறார். கூட்டலாமா?

கருந்தார்:
கூட்ட வேண்டாம். நீங்கள் இரண்டு கோளாறுகளாகப் பார்ப்பது ஒரே கோளாறு என்றே எனக்குத் தோன்றுகிறது. நடுவளைவில் முன்பக்கம் பிடிக்காததால் குழந்தை ஸ்டீயரிங்கை மேலும் மேலும் ஒடிக்கிறாள். வேகம் சற்றுக் குறைந்து முன் டயர்கள் பிடித்த கணத்தில், அளவுக்கு மீறி ஒடித்த சக்கரங்கள் வண்டியை வெடுக்கென்று உள்ளே இழுக்க, அதே நேரத்தில் ஆக்சிலேட்டரும் சேர்வதால் பின்பக்கம் விலகுகிறது. வலது முன், இடது பின் எடைகளின் கூட்டுத்தொகை மொத்த எடையில் எத்தனை சதவீதம் என்பதே கிராஸ் வெயிட். உங்கள் வண்டியில் 264இல் 140, அதாவது 53 சதவீதம். இதைக் கூட்டினால் நடுவளைவில் வண்டி இன்னும் முரண்டு பிடிக்கும், அவள் இன்னும் அதிகமாக ஒடிப்பாள், வழுக்கலும் கூடத்தான் செய்யும்.

மாறாக, இடது பின் ஸ்பிரிங்கைத் தாங்கும் திருகு வளையத்தைச் சிறிது தளர்த்துங்கள். எடைகள் அதே வரிசையில் 64, 50, 86, 64 என்று வந்தால் கிராஸ் 51.5 சதவீதமாக இறங்கும். இடப்பக்க எடையும் பின்பக்க எடையும் தலா 150 பவுண்டிலேயே நிற்கும். அவற்றை மாற்ற வேண்டுமானால் ஓட்டுபவரின் இருக்கையையோ ஈயக் கட்டிகளையோதான் நகர்த்த வேண்டும்.

திருகுவில்:
கருந்தார் சொல்வது சரி, ஆனால் ஸ்பிரிங்கைத் தொடுமுன் பின் டயர்களின் சுற்றளவை நாடாவால் அளந்தீர்களா? இவ்வண்டியில் இரு பின் சக்கரங்களும் ஒரே அச்சில் பூட்டப்பட்டுச் சேர்ந்தே சுழல்கின்றன. சக்கரங்களுக்கு இடையே 80 சென்டிமீட்டர், அவள் செல்லும் கோட்டின் ஆரம் 12 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், வெளிச் சக்கரம் (வலது) உள் சக்கரத்தைவிட (இடது) ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் தூரம் உருள வேண்டும். 34 அங்குலச் சுற்றளவுள்ள டயருக்கு இது இரண்டேகால் அங்குலத்துக்குச் சற்று மேல். ஸ்டாகர் எனப்படும் இந்தச் சுற்றளவு வித்தியாசம் போதாவிட்டால் பின் அச்சு நேராகவே ஓட முயன்று முன்பக்கத்தை வெளியே தள்ளும்.

இடதுவளைவு:
இப்போதுதான் அளந்தேன், ஐயா. வித்தியாசம் ஒன்றரை அங்குலம்கூட இல்லை.

திருகுவில்:
அப்படியானால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். ஒரே தாவலில் முழு அளவுக்குப் போக வேண்டாம். ஸ்டாகர் மிகுந்தால் நேர்ப்பாதையில் வண்டி இடப்பக்கம் இழுக்கும், வெளியேறும்போது உண்மையாகவே வழுக்கும். வலது பின்னில் பெரிய டயர் மாட்டினால் அந்த மூலை உயர்ந்து வலது பின்னும் இடது முன்னும் எடை ஏற்கும், ஆகவே கிராஸ் தானாகவே இறங்கும். டயரை மாற்றியதும், காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, அவளை அமர்த்தி மறுபடியும் எடை பாருங்கள். கருந்தார் சொன்ன தளர்த்தலுக்கு அதன்பின் தேவையே இல்லாமல் போகலாம்.

கருந்தார்:
ஆம், ஸ்டாகரே முதலில். அதன் பிறகும் நடுவளைவில் ஒதுங்கினால், அவள் தடத்தை விட்டு வந்த உடனேயே வலது முன் டயரின் வெப்பத்தை உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடங்களில் பாருங்கள். வெளிவிளிம்பு மட்டும் மிகச் சூடாக இருந்தால் அந்தச் சக்கரத்துக்கு நெகட்டிவ் கேம்பர், அதாவது மேற்புறம் வண்டியின் உள்நோக்கிச் சாயும் சாய்வு, போதவில்லை.