இன்வெர்ட்டர் செட்டா, சாதா செட்டா? 40 மீட்டர் இரைச்சல் பஞ்சாயத்து

பழைய கீ:
நேத்து ஒரு புது லைசென்ஸ்காரர் எழுதியிருந்தார்: "ஹாம் ரேடியோவுக்கு (அமெச்சூர் வயர்லெஸ்) இன்வெர்ட்டர் ஜெனரேட்டர்தான். சாதா ஜெனரேட்டர் செட்டுல மாட்டுனா ரிக் (ரேடியோ) எரிஞ்சுடும்." யாருக்கய்யா எரிஞ்சுச்சு? பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்துற பழைய செட்டு என்னோடது, இன்னிக்கும் ஓடுது. நண்பர் ஒருத்தர் இன்வெர்ட்டர் செட்டோட வந்தார். 7 மெகாஹெர்ட்ஸ்ல, அதான் 40 மீட்டர் அலைவரிசைல, ரிக்கை பேட்டரில வச்சுக் கேக்கும்போது எஸ் மீட்டர்ல (சிக்னல் பலம் காட்டுற மீட்டர்) இரைச்சல் எஸ்3. அந்தச் செட்டை ஓட்டினதும் எஸ்7. ஒரு எஸ் யூனிட்டுக்கு 6 டெசிபல்னா மொத்தம் 24. கணக்கு தெரிஞ்சவங்க பேசலாம்.

ஏழு மெகா:
அந்தப் புது லைசென்ஸ்காரன் நான்தான், பேர் சொல்லியே திட்டுங்க சார். சாதா செட் 50 ஹெர்ட்ஸ் குடுக்க நிமிஷத்துக்கு 3000 சுத்து ஓடியே ஆகணும். லோடு ஏறினா சுத்து விழும், ஹெர்ட்ஸும் விழும். திடீர்னு லோடை விட்டா வோல்டேஜ் எகிறும். இன்வெர்ட்டர் செட் எல்லாத்தையும் டிசி ஆக்கி, திரும்ப சுத்தமான சைன் வேவா தருது.

பழைய கீ:
டிசியை சைன் வேவ் ஆக்க உள்ள படபடன்னு சுவிட்ச் ஆகுதே, அந்தக் குப்பை எங்க போகும்? என் ஆன்டெனாவுக்கு. எஸ்7.

அரை வாட்:
ரிக்குக்கு முன்னாடி எஸ்எம்பிஎஸ் (ஏசியை டிசி ஆக்குற பவர் சப்ளை) வச்சிருக்கீங்கல்ல? உள்ள நுழைஞ்சதுமே டையோடு பிரிட்ஜ் அதை டிசி ஆக்கிடும். சைன் வேவ் அழகா இருந்தா என்ன, கோணலா இருந்தா என்ன? 100 வாட் ரிக் முழுசா கத்தினாலும் 13.8 வோல்ட்ல 20 ஆம்பியர் சொச்சம், 300 வாட் பக்கம். கேக்கும்போது 1 ஆம்பியர். நடுவுல ஒரு 12 வோல்ட் பேட்டரியை வச்சு, ஜெனரேட்டரை சார்ஜ் போட மட்டும் ஓட்டுங்க. 2 கேவிஏ செட் எதுக்கு?

ஏழு மெகா:
லேப்டாப், ஃபேன், லைட்டெல்லாம் உங்க வீட்டு பேட்டரியா தரும்?

பழைய கீ:
பேட்டரியைப் பத்தி யாரும் கேக்கலை. எஸ்7 பத்திக் கேட்டேன்.

நாகை அலை:
சார், டைபோல் ஆன்டெனாவை எங்க கட்டியிருந்தீங்க? ஜெனரேட்டர் தலைக்கு மேலயா? 2018 நவம்பர் 16, கஜா அடிச்ச பிறகு வேதாரண்யம் பக்கம் பல ஊர்ல வாரக்கணக்கா கரண்ட் இல்லை. நாங்க ஓட்டுனது இன்வெர்ட்டர் செட்தான். ஹோண்டா இயூ22ஐ 21 கிலோ, 3.6 லிட்டர் டேங்க், ஒருத்தரே தூக்கிடலாம். செட்டைத் தள்ளி வச்சு, வயரை 31 மிக்ஸ் ஃபெரைட்ல (இரைச்சலை அடக்குற வளையம்) பல சுத்து சுத்தினோம். 40 மீட்டர் சுத்தமா இருந்துச்சு.

பழைய கீ:
கஜாவுல இருந்தீங்களா? நெட்ல, அதான் ஹாம்கள் ரேடியோவுல கூடிப் பேசுற நேரத்துல, உங்க குரலைக் கேட்ட ஞாபகம் இல்லையே, நண்பரே. 2004 சுனாமியில போர்ட் பிளேர்லேருந்து ஹாம் பாரதி பிரசாத் குழு செய்தி குடுத்தப்ப ஃபெரைட் சுத்திக்கிட்டா உக்காந்திருந்தாங்க?

நாகை அலை:
அவங்க எந்த ஜெனரேட்டர் ஓட்டுனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?

பழைய கீ:
கேள்வி அது இல்லை.

அரை வாட்:
எஸ்7 ஜெனரேட்டர்லேருந்து வந்துச்சா, உங்க எஸ்எம்பிஎஸ்லேருந்தா? ரிக்கை பேட்டரியிலயே விட்டுட்டு, செட்டை லோடு இல்லாம ஓட்டிப் பார்த்தீங்களா?

பழைய கீ:
நீர் பொறக்கறதுக்கு முன்னாடியே நான் 12 வார்த்தை வேகத்துல மோர்ஸ் பாஸ் பண்ணவன். எனக்கு டெஸ்ட் பண்ணச் சொல்லித் தரவேண்டாம். சரி, அந்த ஈகோ மோடு, லோடுக்குத் தக்கபடி இன்ஜின் வேகத்தை மாத்துதே? மோர்ஸ் கீயை அழுத்தினா இன்ஜின் உறுமும், விட்டா முனகும். ஒரு சிக்யூ (பொது அழைப்பு) முடியறதுக்குள்ள ஏறி இறங்கியே செத்துரும். கம்ப்யூட்டரே பேசிக்கிற எஃப்டி8 கூட்டத்துக்கு இதெல்லாம் எங்க புரியும்!

ஏழு மெகா:
ஈகோவை ஆஃப் பண்ண சுவிட்ச் இருக்கு சார். ஜெனரேட்டர்ல.

பழைய கீ:
நக்கலா? உங்க கிளப் ஃபீல்டு டேல (வெளியில ரேடியோ ஓட்டுற நாள்) ஜெனரேட்டரை வராண்டாவுல வச்சு ஓட்டுன போட்டோ எங்கிட்ட இருக்கு. புகையில வர்ற கார்பன் மோனாக்சைடு விஷம்னா என்னன்னு தெரியாதவங்க எனக்கு சைன் வேவ் பாடம் நடத்துறாங்க.

ஏழு மெகா:
அது வராண்டா இல்லை, கார் ஷெட். மூணு பக்கமும் திறப்பு.

டிட் டா:
ஷெட்டோ வராண்டாவோ, நியூட்ரலை என்ன பண்ணீங்க? பல போர்ட்டபிள் செட்டுல நியூட்ரல் ஃபுளோட்டிங், எர்த்தோட சேராது. எர்த் ராடு அடிச்சீங்களா?

பழைய கீ:
ராடு வேற கதை, தலைப்பை மாத்தாதீங்க. எஸ்3, எஸ்7. இதுக்கு ஒருத்தர் பதில் சொல்லுங்க.

அரை வாட்:
மூணு தடவை சொல்லியாச்சு. அது சரி, மண்ணெண்ணெய் எங்க வாங்குறீங்க? ரேஷன்லயா?

பழைய கீ:
அது என் வீட்டு விஷயம்.

நாகை அலை:
வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு செட்டையும் கொண்டாங்க. நெட் முடிஞ்சதும், ஒன்பது மணிக்கு, எல்லார் முன்னாடியும் எஸ் மீட்டரைப் பார்ப்போம்.

பழைய கீ:
ஞாயித்துக்கிழமை நெட் கண்ட்ரோல், அதை நடத்துறவன், நான். என்னைக் கேக்காம நேரம் குறிக்க நீங்க யாரு?

டிட் டா:
சார், போன மாசமே முறை மாத்தியாச்சே. இந்த வாரம் ஏழு மெகா.

பழைய கீ:
யாரு மாத்துனது?