கேம் சேவுக்காக மட்டும் காசு கட்டி கிளவுட் எடுக்கலாமா?

வேளச்சேரியில் இருக்கிறேன். பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல்) டிஜிட்டல் மாடல், வாங்கி இரண்டு வருடம். போன செவ்வாய் ராத்திரி மழையில் கரண்ட் போய்ப் போய் வந்தது, அந்த நேரம் பார்த்து கேம் சேவ் (ஆட்டம் எதுவரை வந்தது என்ற பதிவு) ஆகிக்கொண்டிருந்திருக்கிறது, அப்புறம் திறந்தால் ஃபைல் கெட்டுவிட்டது என்கிறது. 80 மணி நேர ஆட்டம், போச்சு.

கன்சோலைப் பழுது பார்க்கும் சேஃப் மோடில் டேட்டாபேஸ் ரீபில்ட் செய்தேன், கேமை அழித்துத் திரும்ப இறக்கினேன் (தங்கச்சியின் ஆன்லைன் கிளாஸ் நேரத்தில், அதற்குத் தனித் திட்டு). பலனில்லை. இன்வெர்ட்டர் லைன் இப்போதுதான் கொடுத்தேன்.

பிஎஸ்4 கேம் சேவ் என்றால் பென் டிரைவில் தனியாகக் காப்பி எடுக்கலாம், பிஎஸ்5 சேவுக்கு அது முடியாது. மொத்த சிஸ்டத்தையும் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுக்கலாம்தான், வாராவாரம் யார் உட்கார்ந்து செய்வது? கிளவுடில் (சோனியின் ஆன்லைன் சேமிப்பிடத்தில்) வைக்க பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும். ஆன்லைன் ஆட்டத்துக்கும் அதே சந்தாதான், ஆனால் ஆன்லைனில் நான் ஆடுவதே இல்லை. கெட்டுப்போன சேவ் தானாக மேலே ஏறி அங்கிருக்கும் நல்லதையும் அழித்துவிடுமோ என்ற பயம் வேறு.

சேவுக்காகவே சந்தா கட்டுபவர்கள் சொல்லுங்கள்: இப்படிக் கெட்ட ஃபைலை ஒரு தடவையாவது கிளவுடிலிருந்து மீட்டிருக்கிறீர்களா?